தபாலண்ணன் வைத்த பட்டன்

தபாலண்ணா, உன் கண் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நீ என் ஜன்னலுக்கு வெளியே நின்றாய். வெயில் உன் முகத்தில் நேராக அடித்தது. வெள்ளை முழி வெள்ளையாக இல்லை. பார்த்தேன். நீ கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. பதினாறாம் நாள் நீ இல்லை.

அந்தப் பதினாறு நாளில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் தலை சுற்றுகிறது. எழுதினால் தெளியுமோ என்று எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லாரி நம்பரும் பெட்டி நம்பரும்தான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதை நான் இங்கே எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. யார்டில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது. எல்லாருக்கும் அவர் தபாலண்ணன்.

யார்டு என்றால் கன்டெய்னர் யார்டு. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் இருக்கிறது. ஹார்பரில் இறங்குகிற இரும்புப் பெட்டிகள் லாரியில் எங்களிடம் வரும். வரிசையாக அடுக்கி வைப்போம். சொந்தக்காரன் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்போம். சுனாமியில் அப்பாவின் கட்டுமரமும் வலையும் போன பிறகு, நான் காத்திவாக்கத்திலிருந்து பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கேட்டில் ஐந்து பேர் இருந்தோம். என் பக்கத்து ஸ்டூல் ஸ்டெல்லாவுடையது. லாரி வந்தால் பெட்டி நம்பர் பார்த்து, பூட்டின சீல் உடையாமல் இருக்கிறதா பார்த்து, எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று சீட்டு கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

ஹெட் ஆபீஸ் பெரிய சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கியது. வேறு எங்கேயோ, வேறு மாதிரி யார்டுக்காகச் செய்தது. அதை எங்கள் யார்டுக்கு ஏற்ற மாதிரி பொருத்திக் கொடுக்க வந்தவர்தான் அவர். ராயபுரத்துக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லி. சட்டைப் பையில் நாலு பேனா. காலில் ரப்பர் செருப்பு. கம்ப்யூட்டர் ஆள் வருகிறார் என்றதும் நாங்கள் ஷூவும் டையும் எதிர்பார்த்தோம். அவர் கையில் ஒரு நோட்டும் கோந்து பாட்டிலும்தான் இருந்தன.

முதல் நாள் என் ஜன்னலுக்கு வந்தார்.

"உன்னாண்ட வந்து இன்னா கேப்பாங்கோ? அதுக்கு நீ இன்னா பதில் சொல்லுவ? இது ரெண்டு மட்டும் சொல்லு."

நான் பெட்டி வந்தால் என்ன செய்வேன் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீ எப்டி பண்றன்னு நான் கேக்கல. அத்த எனக்கு சொல்லாத."

"இன்னாண்ணா, ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல வசந்தி. உள்ள நீ எப்டியோ பண்ணிக்கோ. பாட்டு பாடிகினு பண்ணு, அந்தப் பொண்ணு சடைய இஸ்துகினு பண்ணு. வெளிய நிக்கிறவனுக்கு அது தேவையே இல்ல. பதில் கரெக்ட்டா வந்தா போதும்."

ஸ்டெல்லா தன் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "மேனேஜரு இவர கம்ப்யூட்டரு போட கூட்டியாந்தாரா, என் சடைய பத்தி பேச கூட்டியாந்தாரா?"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவில்லையே. அது அவளாகச் சொன்னது. ஆள் அப்படித்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

எங்கள் ஐந்து ஜன்னலுக்குக் கீழேயும், மாடியில் பில் போடுகிற இடத்திலும், யார்டுக்குள் பெட்டியைத் தூக்கி அடுக்குகிற ஸ்டேக்கர் வண்டியின் மேலேயும் ஒரு தாள் ஒட்டினார். 'இங்கே என்ன கேட்கலாம்' என்று மேலே எழுதி, கீழே சில வரிகள். என் ஜன்னலில் நாலு. பெட்டி வந்ததா. சீல் சரியா. எத்தனை மணிக்கு வந்தது. எந்த வரிசை. அந்த நாலைத் தவிர வேறு எதையும் என்னிடம் கேட்கக் கூடாது. நானும் அந்த நாலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரையே தொடவில்லை. நாங்கள் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டு வெயிலில் யார்டுக்குள் நடந்து போவார். அங்கே பதில் எழுதி வாங்கிக்கொண்டு வருவார். மறுபடி மாடிக்குப் போவார். சீட்டைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார். அந்த வாரத்தில்தான் அவருக்குத் தபாலண்ணன் என்று பெயர் வந்தது.

ஸ்டெல்லா சும்மா இருப்பாளா. 'தபாலண்ணனுக்கு லூசு' என்று எழுதி, நாலாக மடித்து, "பில்லுக்கு ண்ணா" என்று கொடுத்தாள். பவ்யமாக வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். பில் போடுகிற பெரியவர் படித்துவிட்டு, 'தெரியும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதையும் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஜன்னலுக்குக் கீழே குனிந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உன்ன பத்திதான் எழுதி கீதுண்ணா, தெரியுமா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு அது? எடுத்துகினு போறதும் எடுத்துகினு வர்றதும்தான் என் வேலை. படிச்சா நான் தபால்காரன் கெடையாது." பிறகு நான் கேட்காமலேயே கொஞ்சம் கூடச் சொன்னார். அது ரொம்ப அபூர்வம். "மெஷினும் இப்டித்தான் வரப் போவுது. உன்னாண்ட கீற பழைய புரோகிராமு அப்டியே இருக்கும். மேல பில்லு போடறது அப்டியே இருக்கும். ஹெட் ஆபீஸ்தும் அப்டியே. ஒண்ணத்தயும் ஒடைக்க மாட்டேன். நடுவுல போய்கினு வந்துகினு இருக்க ஒண்ணு வெப்பேன். அவ்ளோதான்."

எனக்கு அது பாதிதான் புரிந்தது. இப்போதும் பாதிதான்.

எங்கள் வரிசைகளுக்கு நாங்களே வைத்த பெயர்கள் உண்டு. அனல் மின்நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து படிகிற இடம் சாம்பல் மூலை. குழாய் ஓடுகிற பக்கம் பைப் ஓரம். நடுவில், கேட்டுக்கு நேர் எதிராகப் போகிற வரிசை மாதா லைன். அந்த வரிசை முடிகிற இடத்தில், மதில் சுவருக்கு வெளியே, மேடை மேல் ஒரு மாதா கெபி, குகை மாதிரி கட்டின சின்னக் கோயில், இருக்கிறது. புது சாஃப்ட்வேருக்கு ஏ, பி, சி என்றுதான் தெரியும்.

"இனிமே எல்லாரும் ஏ, பி, சின்னுதான் சொல்லணும்" என்றார் மேனேஜர்.

தபாலண்ணன் பேனாவால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார். யோசித்தால் அப்படித்தான் செய்வார். "வேணாம் சார். ஹெட் ஆபீஸு 'ஏ'ன்னு கேக்கட்டும். இவங்கோ மாதா லைன்னு சொல்லட்டும். நடுவுல நான் மாத்திக் குடுத்துக்கறேன். அவங்கவங்க வாயால அவங்கவங்க பேசட்டும்."

கம்ப்யூட்டர் வந்ததும் எனக்குப் பயமாக இருந்தது. நம்பரை அடித்துத் தட்டினால் சில நேரம் ஸ்க்ரீன் அப்படியே நிற்கும். இங்கிலீஷில் ஒரு வரி வரும். தப்புப் பண்ணிவிட்டேனோ என்று கையை எடுத்துவிடுவேன்.

"இன்னாண்ணா, இது என்ன திட்டுதா?"

"திட்டல. நீ கேட்டத யார்டாண்ட கேக்க போயிருக்கு. பதில் வர்ற வரைக்கும் உன்ன இருக்க சொல்லுது."

"அத்த அப்டியே சொல்லித் தொலைக்கலாமில்ல?"

நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார். தமிழ் எழுத்து வரவைக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஸ்க்ரீன் நின்றபோது, நடுவில் கட்டம் கட்டி வந்தது: 'கொஞ்சம் இரு, கேட்டுகினு வரேன்.'

மேனேஜர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இப்படியா எழுதுவாங்க?"

"ஹெட் ஆபீஸுக்கு அவங்க ஜன்னல்ல இங்கிலீஷ்ல வரும் சார். இது இவங்க ஜன்னலு."

அவரைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். எங்களுக்காக இவ்வளவு யோசிப்பார். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பார். என்ன சாப்பாடு என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரு நாள் காலையிலிருந்து வெறுங்காலோடு யார்டுக்குள் அலைந்துகொண்டிருந்தார். சித்திரை வெயில். தரை தோசைக்கல் மாதிரி. வேண்டுதலோ என்னவோ என்று எல்லாரும் விட்டுவிட்டோம். சாயந்திரம் அவர் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். பாதம் முழுக்கக் கொப்புளம்.

"ஐயோ, செருப்பு எங்கண்ணா?"

"பஸ்ல அறுந்துச்சி."

"காலையிலயா? ஏன் சொல்லல? ஸ்டேக்கர் ஓட்ற காதர் பாயாண்ட ஒரு ஜோடி சும்மா கெடக்குதே."

"யாரும் கேக்கல."

கோபமே வந்தது. "இன்னா மனுஷன்யா நீ?"

"கேட்டா சொல்லணும். கேக்காட்டி சொல்லக் கூடாது. எல்லாம் கேக்காமலே பேசிச்சின்னா மீன் மார்க்கெட்டு ஆயிடும். யாரு இன்னா சொன்னாங்கன்னே தெரியாது." அது மெஷினுக்கு அவர் வைத்திருந்த சட்டம். தனக்கும் அதையே வைத்துக்கொண்டார். மெஷினைப் பார்த்து அவர் அப்படி ஆனாரா, அவரைப் பார்த்து மெஷின் அப்படி ஆனதா, எனக்குத் தெரியாது.

அந்தச் சட்டம் செப்டம்பரில் இடித்துக்கொண்டது.

மாதா கெபியில் கொடி ஏற்றினால் பத்து நாள் திருவிழா. அந்தப் பத்து நாளும் எங்கள் யார்டில் மாதா லைனில் ஒரு பெட்டியும் வைக்க மாட்டார்கள். வரிசை வெறுமையாக இருக்கும். கேட்டிலிருந்து பார்த்தால் மாதா நேராகத் தெரிவாள். லாரி டிரைவர்கள் கேட்டில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். யாரும் எழுதி வைத்ததும் இல்லை. மேனேஜரே ஊருக்குப் புதுசு, அவருக்கும் தெரியாது. எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுகிறேன் என்று யாராவது சொல்வார்களா?

கொடி ஏறின காலையில் கம்ப்யூட்டர் வரிசை காலியாக இருப்பதைப் பார்த்தது. வருகிற பெட்டியை எல்லாம் மாதா லைனுக்கே அனுப்பியது. ஸ்டேக்கர் ஓட்டுகிற காதர் பாய் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றுகொண்டார்.

"மாதா மூஞ்ச மறைச்சி நான் பொட்டி வெக்க மாட்டேன் சார். வேணும்னா ஒங்க கம்ப்யூட்டர எறங்கி வந்து வெக்க சொல்லு."

"அதுல இடம் இருக்குன்னு காட்டுதுய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

"இடம் இல்லன்னு நான் சொல்லல. வெக்க மாட்டேன்னு சொல்றேன்."

உள்ளே போன லாரி வெளியே வரவில்லை. கேட்டில் லாரி மேல் லாரி நின்றது. வரிசை மெயின் ரோட்டுக்குப் போய், எண்ணூர் பக்கம் கண்ணுக்கு எட்டும் வரை நின்றது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. டிரைவர்கள் எங்கள் ஜன்னலைத் தட்டித் திட்டினார்கள். "டேய் கம்ப்யூட்டரு, சீட்டு குடுறா!" என்று ஒருவர் தபாலண்ணனைப் பார்த்தே கத்தினார்.

அவர் என் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "மாதா லைன்ல பத்து நாளு வெக்க மாட்டாங்கோன்னு உனக்கு தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல, நான் சொல்லல. அந்தத் தாள்ல நாலு கேள்விதான கீது? அதுல மாதா இல்லியே!"

வேண்டுமென்று சொல்லவில்லை. திட்டு வாங்கிய ஆத்திரத்தில் வந்துவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது. பேனாவைக் காதுக்குப் பின்னால் கொண்டு போனார், சொறியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, பழையபடி சீட்டு எழுதி, மத்தியானத்துக்குள் லாரிகளை உள்ளே விட்டோம்.

மறுநாள் வந்தார். "என் சட்டம் தப்புன்னு சொல்ல முடியல வசந்தி. பத்தல. பொட்டி ஒழுவுது, சீலு ஒடைஞ்சி கீது, மாதா லைன்ல வெக்கக் கூடாது, இத்தெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கோ. கேக்கணும்னு தெரிஞ்சாத்தான கேப்பாங்கோ? கண்ணால பாக்கிறது நீ ஒருத்திதான். மீதி எல்லாம் உன் பேச்ச நம்பி வேலை செய்றது. உனக்கு மட்டும் ஒரு பட்டன் வெச்சிட்டேன். யாரும் கேக்காட்டியும் நீ சொல்லலாம். எல்லா ஜன்னலுக்கும் போவும்."

கீபோர்டில் மேல் வரிசையில் கடைசி கீ. அடையாளத்துக்கு என்ன வைப்பது என்று தேடினார். என் பர்ஸில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை வாங்கி அதில் ஒட்டினார். நாலைந்து தடவை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்.

அந்தப் பொட்டுக்குப் பிறகு கேட்டில் வேலை வேகமாக ஓடியது. அதுதான் வினையாகவும் போனது. இரண்டு மாதம் கழித்து மேனேஜர் ஒரு பேப்பரோடு வந்தார். கேட்டுக்கு ஐந்து பேர் வேண்டாம், மூன்று பேர் போதும் என்று ஹெட் ஆபீஸ் சொல்லிவிட்டது. போன இரண்டு பேரில் ஒருத்தி ஸ்டெல்லா. அவள் ஸ்டூலில் இருந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

நான் யார்டுக்குள் போய் தபாலண்ணனைப் பிடித்தேன். "நீதான் சொன்னியா?"

"கேட்டாங்கோ. சொன்னேன்."

"இன்னா கேட்டாங்கோ?"

"ஒரு வண்டிக்கு கேட்ல எத்தினி நிமிஷம்னு கேட்டாங்கோ. முன்ன பதினொண்ணு, இப்ப நாலுன்னேன்."

"அவ்ளோதானா? காலைல ஒரே நேரத்துல அம்பது வண்டி வரும், அப்போ அஞ்சு பேரும் வேணும்னு ஒரு வார்த்த சொல்லலியா?"

"அத்த கேக்கல."

"கேக்காம சொல்றதுக்கு எனக்குதான் பட்டனு வெச்ச. உனக்கு ஒண்ணு வெச்சிக்கலியாண்ணா?"

நான் திரும்பி நடந்துவிட்டேன். இனிமேல் இவர் கேட்டால் பதில், கேட்காவிட்டால் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் சட்டத்தாலேயே அவரை அடிக்கலாம் என்று ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

தினமும் ஜன்னலுக்கு வருவார்.

"பிரின்டர் ஓடுதா?"

"ஓடுது."

"பட்டன் வேல செய்தா?"

"செய்யுது."

இப்படியே மூன்று வாரம். அதற்குள் அவர் இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்தார்.

"நேத்து எத்தினி வண்டி?"

"நூத்திப் பத்து."

வழக்கமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிமிர்ந்தேன். அப்போதுதான் கண்ணைப் பார்த்தேன். வெயிலில் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காமாலை வந்தபோது அதே நிறத்தைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும். என் கை அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்புச் சத்தம் கேட்டது.

புதன், வியாழன், வெள்ளி வந்தார், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு வரவில்லை. ஜுரம் என்றார்கள். ஆஸ்பத்திரி என்றார்கள். ஒரு நாள் மேனேஜர் கீழே இறங்கி வந்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "நம்ம பையன் போயிட்டான்பா" என்றார். எந்தப் பையன் என்று நான் கேட்டேன். மெய்யாகவே எனக்குப் புரியவில்லை.

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. அடக்கம் முடிந்த பிறகு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அவருடைய அம்மா என்னைப் பார்த்துப் பேசினார். அழவில்லை. அழுது முடித்திருந்தார்.

"சனிக்கெழம சோறு போடும்போதுதாம்மா கண்ண பாத்தேன். இன்னாடா இதுன்னு கேட்டேன். பத்து நாளா ஒடம்பு ஒரு மாதிரி கீதும்மான்றான். ஏண்டா பாவி சொல்லலன்னா, நீ கேக்கலியேம்மான்றான்." பிறகு என் கையைப் பிடித்தார். "நீ அவன் கூட வேல செய்ற பொண்ணுதான? தெனம் பாத்துகினு இருந்திருப்ப. நீ ஒண்ணும் பாக்கலியாம்மா?"

கேட்டார். நேராகக் கேட்டார். கேட்டால் சொல்ல வேண்டும்.

"இல்லம்மா" என்றேன்.

அதிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாயிலிருந்து சனி நாலு நாள். அந்த நாலு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மேனேஜர் ஒன்று சொன்னார். அது வேறு என்னைக் குழப்புகிறது. "அவன் ஜுரத்துல படுத்த வாரம், திங்கட்கிழமை என் ரூமுக்கு வந்தான் வசந்தி. நான் கூப்பிடவே இல்ல. 'நீங்க கேட்ட கேள்வியே தப்பு சார், காலைல கேட்டுக்கு அஞ்சு பேர் வேணும்'னான். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. அவனா வந்து பேசினது அதான் முதல் தடவை. பாக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

திங்கட்கிழமை அவர் போய்ச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை என் ஜன்னலில் நின்றிருக்கிறார். அதைச் சொல்லத்தான் நின்றாரா? நான் "இன்னாண்ணா?" என்று கேட்டிருந்தால் போதும். ஒரு வார்த்தை.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் ஸ்டெல்லாவைத் திரும்பக் கூப்பிட்டார். நான்தான் சேதி சொல்லப் போனேன். டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அழுதாள். வர மாட்டேன் என்றாள்.

"அவர் மேல உனக்கு இன்னும் கோவமாடி?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாத்துக்கு கோவம்? அவரு லூசுன்னு நான்தான மொத மொத எழுதிக் குடுத்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோவம் உனக்குதாண்டி இருந்திச்சி. நான் உன்ன கோவப்பட சொல்லவே இல்லியே."

அடுத்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

போன வாரம் புது ஆள் வந்தார். ஷூ போட்டிருந்தார். தபாலண்ணன் வைத்ததை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பண்ணியிருக்காரு, எதையும் உடைக்காம மாட்டியிருக்காரு" என்றார். பிறகு என் ஸ்க்ரீன் நின்றது. கட்டத்தில் அந்த வரி வந்தது. அவர் சிரித்தார். "இது என்ன சார் இது, மாத்திடட்டுமா?" என்று மேனேஜரைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

"அத்த தொடாத சார்" என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. "கேட்டுகினு வர போயிருக்காரு. வரட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மெதுவாக, "இருக்கட்டும் விடுங்க" என்றார்.

அந்த வரி இன்னும் இருக்கிறது. யார்டு நெருக்கடியாக இருக்கிற காலையில் அடிக்கடி வரும். கொஞ்சம் இரு, கேட்டுகினு வரேன். நான் இருக்கிறேன். சிவப்புப் பொட்டு பாதி உரிந்துவிட்டது. புதிது ஒட்ட மனசு வரவில்லை.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போகிறேன். சர்ச்சில் பூசை முடிந்து அவர் அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் அவருக்குப் படித்துக் காட்டுவேன். பார்த்தேன் அம்மா என்று சொல்வேன். அவர் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். கையைப் பிடித்தால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். கோயிலோ, சர்ச்சோ, தர்காவோ, போகிற வழியில் எது இருக்கிறதோ அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பெயர் தெரிய வேண்டாம். ராயபுரத்துத் தபாலண்ணன் என்றால் போதும். அந்தப் பக்கத்திலும் அவர் தனக்கென்று வாயைத் திறந்து ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். அவருக்காக நீங்கள் எல்லாரும் கேளுங்கள்.